அம்பாசிடரின் ரூஃப் லைனிங் தொங்குகிறது, மறுபடி ஒட்டினால் நிற்குமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் அப்பா வாங்கிய 1971 மாடல் அம்பாசிடர் மார்க் 2. அப்பாவுக்கு வயது 78. இன்றும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதில்தான் போகிறார். மேலே இருந்த பழைய க்ரீம் நிற ரெக்ஸின் கிழிந்துவிட்டதால், 16 மாதங்களுக்கு முன் ஒரு குஷன் கடையில் காரை விட்டிருக்கிறார்கள். கடைக்காரர் பழைய ரெக்ஸினை உரித்து, அதைத் தாங்கியிருந்த கம்பிகளையும் உருவி எடுத்துவிட்டு, ஸ்பாஞ்ச் வைத்த துணியை நேராகத் தகரத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி எதையும் கழற்றவில்லை. ஒரே நாள் வேலை, ரூ.9,000. கடந்த சித்திரை வெயிலில் நடுப்பகுதி விட்டுக்கொண்டது. இப்போது பின்சீட்டில் உட்காருகிறவர் தலையில் தூளி மாதிரி இறங்கி நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு பின்கண்ணாடியின் மேல் மூலைகள் இரண்டிலும் பழுப்புக் கறை, உள்ளே மக்கிய வாடை. "வெயிலுக்கு யார் என்ன பண்ண முடியும், 3,000 கொடுங்க, நல்ல பசையாப் போட்டு ஒட்டித் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். பழைய கம்பிகள் மட்டும் டிக்கியில் ஒரு சாக்கில் கிடக்கின்றன.

வாசகர் கேட்பவை: மறுபடி ஒட்டினால் போதுமா? பொங்கல் விடுமுறையில் மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்துவிட முடியுமா? அந்தக் கறை வெறும் பழைய அழுக்குதானே? கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டா? லைனிங் மாறிவிட்டால் விண்டேஜ் பதிவு கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மையா?

ஐயா, முதலில் அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பசை மட்டமானதால் துணி விழவில்லை. உலகத்திலேயே உயர்ந்த பசையைப் போட்டாலும் அடுத்த கோடையில் இதே இடத்தில்தான் விழும்.

காரணம் கூரையின் வடிவத்தில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். முன்பின்னாகவும் வளைவு, பக்கவாட்டிலும் வளைவு. கவிழ்த்து வைத்த வாணலியை உள்ளிருந்து பார்ப்பது போல. குழிந்த பரப்பில் ஒரு துணியை இழுத்து ஒட்டினால், அது வளைவைச் சுற்றிப் போக விரும்பாது, குறுக்கே நேராகப் போகத்தான் பார்க்கும். சுருக்கம் வராமல் இருக்க எவ்வளவு இழுத்து ஒட்டுகிறோமோ அவ்வளவு பலமாக அது தகரத்தை விட்டுப் பிரியப் பார்க்கும். ஒவ்வோர் அங்குலத்திலும் பசைதான் அதைத் தாங்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகரமோ கை வைக்க முடியாத அளவு காயும். அந்தச் சூட்டில் ரப்பர் பசை இளகும். முதலில் விடுவது நடுப்பகுதி. உங்கள் காரில் நடந்தது இதுதான்.

உங்கள் காரில் முதலில் இருந்த ஏற்பாடு வேறு. பந்தல்காரர் துணியைத் தகரத்திலா ஒட்டுகிறார்? மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறார். அதேபோல் கூரையின் இரு பக்க விளிம்பிலும் உள்ள துளைகளில் வில்லாக வளைந்த கம்பிகள் குறுக்கே உட்கார்ந்திருக்கும். லைனிங்கின் முதுகுப் பக்கத்தில், பாவாடை நாடா கோர்க்கும் மடிப்பு மாதிரி நீளமான பட்டிகள் தைத்திருக்கும். கம்பி அந்தப் பட்டிக்குள் நுழைந்து துணியைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே துணி நேராகவே ஓடும், தகரத்தைத் தொடாது. பசைக்கு வேலை நான்கு ஓரங்களில் மட்டும்தான். நேராகப் போக விரும்பும் துணியின் குணம் இங்கே உபகாரமாகிவிடுகிறது.

கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய கார்களில் மேல் லைனிங் ஒரு வார்ப்பு அட்டையில் ஒட்டியிருக்கும். அட்டையை வெளியே எடுத்து, துணியை உரித்துப் புதிதாக ஒட்டி மாட்டிவிடலாம். அவர் கை பழகிய வேலை அது. அதை அட்டையே இல்லாத காரில் செய்துவிட்டார். கம்பிகளைத் தூக்கி எறியாமல் சாக்கில் போட்டுக் கொடுத்தாரே, அதற்காகவாவது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் கை வைக்கும் முன்

பணத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் காரணம், நீங்கள் ஆர்வத்தில் துணியைப் பிய்த்துவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும் என்பதுதான். தொங்கும் துணியை நான்கு பக்கமிருந்தும், கறையை, பசை விட்ட தகரத்தை, சாக்கில் உள்ள கம்பிகளை, தேதி தெரியும்படி படம் எடுங்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் ஆதாரம்தான். வேறொரு குஷன் கடையில் எழுத்து மூலமாக மதிப்பீடு வாங்கும்போது, "கம்பிகள் நீக்கப்பட்டு நேரடியாக ஒட்டப்பட்டுள்ளது" என்ற வரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் வரும். குறை தோன்றியதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம். ஆனால் 9,000 ரூபாய்க்காக எத்தனை முறை அலையத் தயார் என்பதையும் யோசியுங்கள். என் யோசனை: 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கூலியில் பாதியாவது திரும்பி வந்தால் அதோடு விடுங்கள். எதுவானாலும், அதே கடையில் மறுபடி ஒட்டக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்யலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கறை அழுக்கு அல்ல

நீங்கள் கொஞ்சம் தவறாக எடுத்துக்கொண்ட இடம் இது. மேல் லைனிங்கில் கறை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். குறுக்கே நேர்கோடாகப் பழுப்பு ஓடினால் அது கம்பியின் துரு. பரவலாக மங்கியிருந்தால் புகையும் தூசியும். மூலையில் வட்டம் வட்டமாக, ஓரம் அழுத்தமாக இருந்தால் தண்ணீர். உங்களுடையது மூன்றாவது. மழைக்குப் பிறகு வந்தது, வாடை அடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தண்ணீர் நுழையக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர். ஐம்பது வருஷ ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் குழியாது. இரண்டாவது, கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் பள்ளம். அதிலுள்ள மூட்டுப் பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பின்னால் ஓடி மூலையில் சொட்டும்.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு. மூலைகளில் துணியை விலக்கி, தகரத்தில் முகப்பவுடர் தூவிக்கொள்ளுங்கள். மற்றவர் வெளியே, குழாயின் அழுத்தத்தைக் குறைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே ஓட்டை என்றே தெரியாது. பவுடரில் முதல் கோடு எங்கே விழுகிறதோ அதுதான் வழி. இந்தச் சோதனையைச் செய்யாமல் புது லைனிங் போட்டால், அடுத்த ஐப்பசியில் அதே இரண்டு மூலைகளில் அதே கறையைப் பார்ப்பீர்கள்.

எந்த வேலை யாருக்கு

மூன்று வழிகள் இருக்கின்றன. மறுபடி ஒட்டுவதை விட்டுவிடுங்கள். இரண்டாவது, கண்ணாடியைக் கழற்றாமல் கம்பி முறையில் புது லைனிங் போடுவது. நிறைய கடைகள் இப்படித்தான் செய்கின்றன: துணி ஓரத்தை வெட்டி, தட்டைக் கரண்டி போன்ற ஒன்றால் ரப்பருக்கு அடியில் திணித்துவிடுவார்கள். முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லைனிங்கை முன்பின்னாக இழுத்துப் பிடிப்பதே கண்ணாடி உட்காரும் அந்தத் தகர விளிம்புதான். துணி விளிம்பைச் சுற்றி மடிந்து ஒட்டி, அதன் மேல் ரப்பர் கவ்வினால்தான் பிடி நிற்கும். திணித்த துணி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வழுக்கி வெளியே வரும். உங்கள் காரில் எப்படியும் பின் ரப்பரை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மூன்றாவது வழியான, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பி முறையில் போடும் முழு வேலையைத்தான் சொல்வேன்.

பொங்கல் நான்கு நாளில் முடியுமா என்றால், எல்லாமே உங்கள் கையில் முடியாது. உரிப்பது, சுரண்டுவது, துரு பார்ப்பது, பிரைமர் அடிப்பது, ஒலித்தடுப்புத் தாள் ஒட்டுவது எல்லாம் பொறுமை கேட்கும் வேலைகள்; நீங்களும் மைத்துனரும் தாராளமாகச் செய்யலாம், கூலியும் மிச்சம். தையலைக் கனமான ரெக்ஸின் தைக்கும் மெஷின் உள்ள கடைக்குக் கொடுங்கள். வீட்டு மெஷினில் ரெக்ஸின் நகராமல் தையல் கோணும். கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதைக் கண்ணாடி வேலைக்காரரிடம் விடுங்கள். லைனிங்கை ஏற்றுவது உங்கள் இருவரால் முடியும்; ஒரு முழு நாள், அவசரமில்லாமல். மழையில்லாத தை, மாசி இதற்கு நல்ல பருவம்.

சாக்கில் இருக்கும் கம்பிகள்

இந்த முழு வேலையில் உங்களுக்குத் தலைவலி தரப்போவது இதுதான். கம்பிகள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றுபோல் இருக்காது. நீளம் கொஞ்சம் மாறும். நீளம் ஒத்த இரண்டின் வளைவு மாறும். எது எந்த இடத்தில் இருந்தது என்று கடைக்காரர் குறித்து வைத்திருக்கமாட்டார்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தையல் டேப்பால் வளைவின் மேலாக ஓர் அளவும், முனைக்கு முனை நேராக ஓர் அளவும் எடுத்துத் தாளில் எழுதுங்கள். பிறகு காருக்குள், துணி உரித்த வெறும் கூரையில், ஒவ்வொரு ஜோடித் துளையிலும் மாட்டிப் பாருங்கள். சரியான கம்பி, இரு முனையும் வலுக்கட்டாயம் இல்லாமல் துளையில் இறங்க, உடம்பு முழுக்கத் தகரத்திலிருந்து ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கும். நடுவில் தகரத்தை முட்டினால் அந்த இடத்துக்கு அது உயரம். தலைக்கு மேல் தொய்ந்தால் தட்டை. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி அதிகமென்றால் இடவலம் மாற்றிப் பாருங்கள்.

வரிசை கிடைத்ததும் பெயிண்டால் குறிக்காதீர்கள், சுரண்டும்போது போய்விடும். சிறிய அரத்தால் கீறல் போடுங்கள்: முன்னாலிருந்து முதல் கம்பிக்கு ஒரு கீறல், இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே. கீறலை எப்போதும் இடப்பக்க முனையில் மட்டும் போட்டால் எது இடம், எது வலம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அதன் பிறகு எமரித் தாளால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறை போட்டுவிடுங்கள். துருக்கோடு திரும்ப வராது. முனை துருத் தின்று கூம்பாகிவிட்ட கம்பியை மாற்றுங்கள். அதே தடிமனில் விறைப்பான எஃகுக் கம்பியை வாங்கி, பழையதை அச்சாக வைத்து வளைக்கலாம். கட்டுக்கம்பி வேண்டாம், துணியின் இழுப்புக்கே வளைந்துவிடும்.

கூரைத் தகரம்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். உள்விளக்கு ஒயர் மேலேதான் ஓடுகிறது. முன்பக்க வெயில் மறைப்புகள், உள்கண்ணாடி, உள்விளக்கு, கதவு பீடிங் எல்லாம் வரிசையாக வெளியே வரட்டும். ஒவ்வொன்றின் திருகையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதுங்கள். இது ஏதோ ஒழுங்குக்காகச் சொல்வதல்ல: அசல் திருகைவிட நீளமான ஒன்றை மறந்துபோய் முறுக்கினால் அது வெளித் தகரத்தில் போய் இடிக்கும், கூரைப் பெயிண்டில் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு விழும். பிறகு டிங்கரிடம் போக வேண்டியதுதான்.

ஸ்பாஞ்சை உரித்தபின் பசை தகரத்தில் பிசுபிசுக்கும். டர்பென்டைனில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ஸ்பாஞ்ச் தூளும் பழைய பஞ்சும் மூச்சில் போகும்; முகக்கவசம் அவசியம். துருவைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, துரு மாற்றித் திரவம் பூசி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். மழைநீர்ப் பள்ளத்தின் மூட்டில் வெடிப்பு இருந்தால் மூட்டுப் பூச்சை இந்த நேரத்திலேயே போட்டுவிடுங்கள்.

சத்தத்தை அடக்க, நடுவில் உள்ள அகலமான தகரத்தில் பாதிப் பரப்புக்கு 2 மி.மீ. பியூட்டைல் தாள் (ஒட்டும் ரப்பர் தாள்) போதும். தட்டினால் வரும் டமார் சத்தம் அடங்கும். அதன்மேல், வெயில் சூட்டைத் தடுக்க, 5 மி.மீ. மூடிய துளை (ஈரத்தைக் குடிக்காத) ஃபோம். கம்பிக்கும் தகரத்துக்கும் உள்ள இடைவெளியை இது நிரப்பிவிடக் கூடாது. கம்பி போகும் தடத்தில் ஃபோமை வெட்டி வழிவிடுங்கள். சணல் ஃபெல்ட் வேண்டாம், ஈரத்தைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் விடாது. தார்த் தாளும் வேண்டாம், நம் ஊர் வெயிலில் இளகி வாடை அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தெர்மகோலைச் சொருகுகிறவர்களும் உண்டு. பசையில் உள்ள கரைப்பான் பட்டால் தெர்மகோல் உருகி ஓட்டை ஓட்டையாகிவிடும்.

துணியும் தையலும்

ஸ்பாஞ்ச் வைத்த துணி கம்பி முறைக்கு ஒத்துவராது. சீட்டுக்குப் போடும் கனமான ரெக்ஸினும் ஆகாது; அதன் எடையிலேயே தொய்யும், மூலை வளைவில் படியாது. பின்னல் துணி முதுகு வைத்த மெல்லிய ரெக்ஸினைக் கேட்டு வாங்குங்கள். மூலைக்கு மூலை இழுத்தால் லேசாக நீண்டு திரும்ப வேண்டும். சென்னைக்குப் போக முடிந்தால் ஜி.பி. ரோட்டில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்கலாம்; பீடிங் ரப்பருக்குப் புதுப்பேட்டையில் தேடுங்கள். 54 அங்குல அகலத்தில் மூன்றரை மீட்டர் வாங்கினால் துண்டுகளை ஒரே திசையில் வெட்டிக்கொள்ள வசதி. ஒன்று நீளவாக்கிலும் ஒன்று குறுக்குவாக்கிலும் வெட்டினால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு நீளும், தையல் கோடு பாம்பாக நெளியும்.

பழைய லைனிங் கையில் இருந்தால் அதைப் பிரித்தே அச்சாக வைத்திருக்கலாம். இப்போது அது இல்லாததால், கம்பிகளை மாட்டிவிட்டு, ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிவரை மூன்று இடத்தில் அளவு எடுங்கள்: நடுவில், இடதில், வலதில். மூன்றும் ஒன்றாக இருக்காது. நடு அளவை மட்டும் வைத்துத் தைத்தால் ஓரங்களில் துணி பற்றாமல் போகலாம், அல்லது மிஞ்சிச் சுருங்கலாம். முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து மாட்டிப் பார்ப்பது அரை நாள் வேலைதான். அந்த அரை நாளைச் செலவழியுங்கள். தையலுக்கு ஒரு செ.மீ., நான்கு ஓரத்துக்கும் 8 செ.மீ. கூடுதல். கம்பி நுழையும் பட்டியைக் காடாத் துணியில் தைத்து, இரண்டு ரெக்ஸின் துண்டுகளும் சேரும் தையலிலேயே சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பாலியஸ்டர் நூல்தான் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். தையல் ஒவ்வொன்றும் 4 மி.மீ. அளவு இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். ரெக்ஸினில் ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி இழுத்தவுடன் கிழியும்.

ஏற்றும் வரிசை

தைத்த லைனிங்கை அரைமணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள், மடிப்பு தளரும். துணியின் முதுகுப் பக்கத்தில், முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறியுங்கள். காரின் விளிம்பிலும் அதேபோல. கம்பிகளைப் பட்டியில் கோர்த்து, பின்னாலிருந்து முன்னாக ஒவ்வொன்றாகத் துளையில் மாட்டுங்கள். முன்பக்கம் இழுக்கும்போது கடைசிக் கம்பி முன்னால் சாயப் பார்க்கும். கூரையின் பின் விளிம்பில் அதைப் பிடித்து வைக்கச் சிறிய கொக்கியோ துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள்.

பசை செயற்கை ரப்பர் வகையாக இருக்கட்டும், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போல. மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் தகரத்துக்கு ஆகாது. தகர விளிம்பிலும் துணியிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து பிறகு சேர்க்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஈரமாகச் சேர்த்தால் வழுக்கும். கதவு நான்கும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் விளக்கு, பீடி எதுவும் கூடாது.

முதலில் பின் ஓரத்தின் நடுவை ஒட்டுங்கள். பிறகு முன் ஓரத்தின் நடுவைப் பிடித்து, தையல் கோடுகள் எல்லாம் நேராகும்வரை இழுத்து, விளிம்போடு சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டுங்கள். நடுவிலிருந்து மூலையை நோக்கி, இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும். முன்பின் இழுப்பு முடிந்த பிறகுதான் பக்கவாட்டுக்கு வர வேண்டும். முதல் முறை ஒட்டியதே கடைசி என்று எண்ணாதீர்கள். மூன்று நான்கு தடவை கிளிப்பைக் கழற்றி இழுத்து மாட்டுவது சகஜம்.

பக்கவாட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பி நுழைந்த பட்டி பக்கச் சுவர்வரை நீண்டிருந்தால் துணியைக் கீழே இழுக்க விடாது. கதவுக்கு மேலே, கம்பி முனையிலிருந்து கதிர் கதிராகச் சுருக்கம் வரும். பட்டியின் முனையை மட்டும், ஒரு தடவைக்கு ஒரு விரல் அகலம், கத்தரியுங்கள். இழுத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு விரல் அகலம். முதலிலேயே துணிந்து ஒரு சாண் வெட்டிவிட்டால் கம்பிக்கு வெளியே துணி பை மாதிரி தொங்கும். அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.

மூலையிலிருந்து கோணலாக ஓடும் சுருக்கம் என்றால் முன்பின் இழுப்பு போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். மிச்சமுள்ள சிறு அலைகளுக்குத் தலைமுடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டினால் போதும். பெயிண்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி ரெக்ஸினை நொடியில் பளபளவென்று உருக்கிவிடும்.

வெயில் மறைப்புத் திருகுத் துளைகள் துணிக்குப் பின்னால் மறைந்துவிடும். லைனிங் ஏற்றும் முன்பே நடுக்கோட்டிலிருந்து அவற்றின் தூரத்தை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஈர்க்குச்சித் துண்டைச் செருகிவிடுங்கள். கையால் தடவினால் தட்டுப்படும். அங்கே குத்தூசியால் துளையிடுங்கள். டிரில் போட்டால் பின்னல் நூல் அதில் சுற்றிக்கொண்டு, இவ்வளவு நேரம் பட்ட பாட்டை ஒரே இழுப்பில் பிய்த்துவிடும்.

கண்ணாடி

24 மணி நேரம் பசை இறுகட்டும். அதன் பிறகு விளிம்புக்கு வெளியே உள்ள துணியைக் கத்தரியுங்கள். ரப்பரின் வெளி உதட்டைத் தாண்டி ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல மழைத்தண்ணீரை அதுவே உள்ளே இழுக்கும். கண்ணாடி ஒழுகவில்லை, ஆனாலும் லைனிங் நனைகிறதே என்று குழம்புவீர்கள்.

லைனிங் ஏற்றும் முன்பே கண்ணாடியைக் கழற்ற வேண்டும்; அப்போது பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வெளி உதட்டைக் கத்தியால் அறுத்துவிட்டால் கண்ணாடி தானாக வெளியே வரும். ரப்பரை நெம்பும்போதுதான் கண்ணாடி உடைகிறது. முன்கண்ணாடியையும் இதோடு மாற்றுவதாக இருந்தால், உடைந்தாலும் சிதறாத லேமினேட்டட் கண்ணாடியாகவே வாங்குங்கள். மாட்டும்போது புது ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, ஒருவர் உள்ளிருந்து இழுக்க மற்றவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும். கடைசியில் வெளி உதட்டுக்கு அடியில் இறுகாத பியூட்டைல் பூச்சு போடச் சொல்லுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை யாராவது எடுத்தால் தடுத்துவிடுங்கள். அது தகரத்தை அரிக்கும். எல்லாம் முடிந்ததும், உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்ற அந்தத் தண்ணீர்ச் சோதனையை மறுபடியும் ஒரு தடவை.

விண்டேஜ் பதிவு

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி, பாதி பயம். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவில் உள்ள வாகனம் விண்டேஜ் என்று பதிவாகலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. மேல் லைனிங் இந்தப் பட்டியலில் வராது; ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பற்றிப் பேச்சில்லை. க்ரீம் ரெக்ஸினைப் பழைய தையல் கோடுகளோடு போடச் சொல்வது என் விருப்பம் மட்டும்தான். பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

உண்மையில் யோசிக்க வேண்டியது வேறொன்று. விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, அதற்குப் பிறகு அந்தக் காரைத் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். உங்கள் அப்பாவின் வெள்ளிக்கிழமைக் கோயில் பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஓட்டும் காலம்வரை இப்போதுள்ள பதிவையே புதுப்பித்து வாருங்கள்.